ஐந்தில் எத்தனை

படிவத்தின் நான்காம் பக்கத்தில் நிற்கிறேன்.
குவளையில் சாய்த்துவைத்த செல்பேசி வெளிச்சம்.
வெளியே கிட்டுயியின் வறண்ட இரவு.
நாளெல்லாம் தண்ணீர் சுமந்த கழுதைகள்
இப்போதுதான் சண்டைக்கு நேரம் கிடைத்ததுபோல் கத்துகின்றன.

'திறன்சார் பாடத்திட்டத்துக்கு
உங்கள் தலைமை எவ்வளவு தயார்?
ஒன்று முதல் ஐந்துக்குள் வட்டமிடுக.'

பயிற்சி ஐந்து நாள் என்றார்கள்.
முதல் நாள் பேருந்து வரவில்லை.
கடைசி நாள் சான்றிதழும் கோழிக்குழம்பும்.
நடுவில்
பெரிய தாளில் வண்ணப் பேனாவால்
'மாணவரே மையம்' என்று எழுதி
சுவரில் ஒட்டினோம். விழுந்தது.
மறுபடி ஒட்டினோம்.

ஆசிரியர்கள் எத்தனை பேர்? ஏழு.
ஏழாமவர் ந்ஸியோகிக்குச் சம்பளம்
பெற்றோர் அளந்து போடும் பாசிப்பயறு.
அதைச் சொல்லக் கட்டம் இல்லை.
ஆய்வகம் உண்டா? உண்டு,
என் அலமாரியின் கீழ்த்தட்டு.
கைக்கணினிகள் இருபது, பூட்டிய பெட்டிக்குள்.
சாவி வேறொரு பள்ளிக்குப் போய்விட்டது.
இதையெல்லாம் சிரிக்காமல் எழுதிவிட்டேன்.

கேள்வி பதினேழு.
'மாணவர்கள் தாமாகவே ஒரு சிக்கலைத் தீர்த்த
நிகழ்வு ஏதேனும் உண்டா? சான்று இணைக்க.'

உண்டு.
அதனால்தான் இவ்வளவு நேரமாகப்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை கணக்குப் பாடவேளையில்
முலாட்யாவையும் கவுதாவையும் காணவில்லை.
தேடிப்போனால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்,
முழங்கால்வரை சேறு.
மாதக்கணக்கில் ஒழுகும் குழாய் அது.
மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன்,
மூன்றுக்கும் நகல் வைத்திருக்கிறேன்.
பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்து
பல்லால் ஒரு முனை பிடித்து
இறுக்கிக்கொண்டிருந்தாள் அவள்.
இன்னும் எங்கே கசிகிறதென்று
குழாயில் கன்னத்தை வைத்துச்
சொல்லிக்கொண்டிருந்தான் அவன்.

நான் என்ன கேட்டேன்?
'யாரிடம் அனுமதி வாங்கினீர்கள்?'

கொடிக்கம்பத்தடியில்
மதிய மணிவரை இருவரும் மண்டியிட்டார்கள்.
தண்டனைப் பதிவேட்டில் என் கையெழுத்து
எப்போதும்போல் அழகாக இருக்கிறது:
'வகுப்பைத் தவிர்த்தல். பள்ளி உடைமையைத் தொடுதல்.'

சான்று என்றால் அந்தப் பக்கம்தான்.
வேறு யாரும் எழுதிவைக்கவில்லை.
கிழித்து இணைக்கவா?
பென்சிலால் இரண்டைச் சுற்றினேன்.
பிறகு அந்த வட்டத்தையே
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்,
யாரோ என்னைச் சுற்றிப் போட்டதுபோல.

காலையில் மோட்டார் சைக்கிளில் வந்தார்
வட்டார அலுவலகத்து ம்வாங்காங்கி.
தூசித் தலையைத் தட்டினார், முகம் கழுவினார்,
அதே குழாயில் இரண்டு குவளை குடித்தார்.
பதினேழைப் படித்ததும் முகம் மலர்ந்தது.
'அருமை, மேடம். ஆனால் படம் வேண்டுமே.
படமில்லாத சான்றை மேலே ஏற்கமாட்டார்கள்.
அந்த டியூபைக் கொஞ்சம் அவிழ்த்துவிட்டு
மறுபடி கட்டச் சொல்லலாமா?'

ஒழுகவிட்டு, அடைக்கவைத்து, படமெடுத்து.
நியாயமாய்ச் சிரித்திருக்க வேண்டும்.
ஆள் அனுப்பினேன்.

வந்தார்கள். முலாட்யா சட்டைப் பொத்தானைச் சரிசெய்தபடி,
கவுதா அவனுக்கு அரையடி முன்னால்.
நான் வாயைத் திறக்கவில்லை.
என் முகத்தைப் பார்த்தார்கள்,
நேரே கொடிக்கம்பத்தடிக்குப் போய்
நேற்றைய தடத்திலேயே முழங்கால்களை வைத்தார்கள்.

க்ளிக் என்றது.
'விரல் பட்டுவிட்டது மேடம்' என்றார் ம்வாங்காங்கி,
'அழித்துவிடவா?'

'இருக்கட்டும்' என்றேன்.
எழுந்திருங்கள் என்று சொல்ல
எனக்கு இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தது.

தொட்டியடியில்
சேறு வெடித்துக் காயத் தொடங்கியிருந்தது.